விஷுவுக்கு முன்னாடி வரும் செம்பேன்

"செம்பேனுக்கு நாள் பார்க்கத் தெரியும்" என்பார் எங்கள் பெரியப்பா. விதை போட்ட அன்றைக்கு வராது. கொடி ஓடும்போது வராது. காய் திரண்டு, வியாபாரி வந்து விலை பேசி, கையில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போன பிறகு வரும்.

உண்மையில் அது முன்னாடியே வந்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெருக நாள் பிடிக்கிறது, அவ்வளவுதான். செம்பேன் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. பூச்சி என்று சொல்கிறோமே தவிர, அது பூச்சியே இல்லை. எட்டுக் கால், சிலந்தி வகையறா. இலைக்கு அடிப்பக்கம் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே பார்த்தால் ஊசியால் குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அப்புறம் இலை பழுப்பாகும். நூலாம்படை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் குடும்பம் ரொம்பப் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

வெயிலும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். 30 டிகிரி சூட்டில் முட்டையிலிருந்து முழுப் பேனாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு பெண் பேன் நூறு முட்டை வரை இடும். ஆண் துணை இல்லாவிட்டாலும் இடும், அதெல்லாம் ஆண் குஞ்சாகப் பொரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் இது வாழ்கிறது. வெண்டை, கத்தரி, அவரை, வெள்ளரி, ரோஜா, கஞ்சா, எதையும் விட்டு வைப்பதில்லை.

கஞ்சாவை ஏன் இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் ஊர் வாளையாருக்குத் தெற்கே, வேலந்தாவளம் பக்கம். கேரளத்தின் கணக்கில் பாலக்காடு மாவட்டம், பேச்சில் கொங்குத் தமிழ். ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில். காய்கறிச் சந்தைக்குப் பேர் போன ஊர். பெரியப்பா அங்கே ஒன்றரை ஏக்கரில் கணிவெள்ளரி போடுவார். விஷு அன்று விடிகாலையில் உருளியில் கொன்றைப் பூவோடு வைத்துக் கண் விழிப்பார்களே, அந்தத் தங்க நிற வெள்ளரிதான். இந்தப் பயிருக்கு ஒரு விசேஷம் உண்டு. சித்திரை பிறப்பதற்கு முன்னால் லாரி ஏறிவிட்டால் பொன். விஷுவுக்கு மறுநாள் அதே காயை மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

2024 விஷுவுக்குச் சரியாகப் பதினாறு நாள் இருக்கும்போது போன் வந்தது. அந்த வருஷம் பாலக்காட்டு வெயில் எப்படி இருந்தது என்று ஊரில் சொந்தம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏங்கண்ணு, நீ அங்க இந்த மருந்து சோலிதானே பாக்கற?"

"ஆமாங்க பெரியப்பா. மருந்து மிச்சம் எவ்வளவு இருக்குதுன்னு அளக்கற சோலிங்க."

"அப்ப எதை அடிச்சா மிச்சம் இல்லாமப் போகும்னு உனக்குத் தெரியுமில்ல? ரோட்டோரம் நாலு வரிசை வெளுத்துப் போச்சு. கடைக்காரன் ரெண்டு டப்பா எடுத்துக் குடுத்து ரெண்டையும் கலந்து அடிங்கறான். எனக்கென்னமோ மனசு ஒப்பல."

பெரியப்பா சொன்னது சரிதான். கனடாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காய்கறி, பழம், சில வருஷங்களாகக் கஞ்சாவும் வரும். இங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனைப் பொருள். ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுக்கு நாலு செடி வளர்த்துக்கொள்ளலாம். ஊரில் 1985 போதைப் பொருள் சட்டப்படி ஒரு செடி வைத்திருந்தாலே கைது. வாளையாரில் பஸ்ஸை நிறுத்திப் பையைக் கொட்டிச் சோதிக்கிற எக்சைஸ்காரர்களைப் பார்த்து வளர்ந்தவன், இங்கே காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு அதே கஞ்சாவைத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். (அம்மாவிடம் இன்னும் "காய்கறி டெஸ்ட்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.)

கஞ்சா வளர்ப்பவர்களுக்குச் செம்பேன் தீராத தலைவலி. மூடிய அறை, விளக்குச் சூடு, ஒரே வகைச் செடி நெருக்கி நெருக்கி. அதுவும் அறுப்புக்கு முந்தின இரண்டு மூன்று வாரத்தில் வந்தால் கதை கந்தல். பூ பிசுபிசு என்று பசை பிடித்திருக்கும். நூலாம்படையும் பேனும் முட்டையும் அதில் ஒட்டிக்கொள்ளும். எதை அடித்தாலும் அதுவும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளரியைக் கழுவலாம், தோல் சீவலாம். பூவைக் கழுவ முடியாது, அப்படியே காயவைத்துப் பற்றவைத்து நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். சூடு பட்டால் சில மருந்துகள் வேறொன்றாக மாறும். மைக்ளோபியூட்டனில் என்று ஒரு பூஞ்சை மருந்து, திராட்சைக்கும் ஸ்ட்ராபெரிக்கும் அடிப்பது, எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். மருத்துவக் கஞ்சா மட்டும் சட்டப்படி இருந்த காலத்தில், 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும், இந்த மருந்தும் பைஃபெனசேட் என்ற செம்பேன் மருந்தும் இருந்ததால் இங்கே சில கம்பெனிகள் சரக்கைத் திரும்ப வாங்கின. வாங்கிப் பயன்படுத்தியவர்கள் நோயாளிகள் என்பதால் பெரிய கூச்சல் எழுந்தது. 2019 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தொகுதியும் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்குச் சோதிக்கப்பட்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்று ஆனது.

அதனால் இங்குள்ள வளர்ப்பாளருக்குக் கடைசி வாரத்தில் கையில் இருப்பது ரொம்பக் கொஞ்சம். மோசமான கிளையை வெட்டு, சூட்டைக் குறை, பேனைத் தின்னும் பேனை விடு. அதுவும் முடியாவிட்டால் நாள் முந்தி அறுத்துவிட்டு நஷ்டத்தைக் கணக்கில் எழுது.

பேனைத் தின்னும் பேன் என்பது கேலி இல்லை. பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் என்று பெயர். 1958-இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக வந்து சேர்ந்தது. செம்பேனைத் தவிர வேறு எதையும் அநேகமாகத் தின்னாது. ஒன்டாரியோவில் லெமிங்டன் பக்கம் வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய் கண்ணாடிக் கூடங்களில் இந்த மாதிரி நல்ல பேன்களை வாங்கி விடுவது சாதாரணம். ஆனால் அதற்கு ஈரக் காற்று வேண்டும், மிதமான சூடு வேண்டும். பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் அது பிழைக்காது. நம் ஊரிலேயே நியோசியுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் என்று ஒரு நல்ல பேன் உண்டு, ஸ்டெதோரஸ் என்று கடுகளவு கருவண்டும் உண்டு. இரண்டும் யாரும் காசு கொடுத்து வாங்காமலே வயலுக்கு வந்து வேலை செய்பவை, நாம் கொல்லாமல் விட்டால்.

சரி, பெரியப்பாவின் இரண்டு டப்பாவுக்கு வருவோம். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்று செயற்கைப் பைரெத்ராய்டு. அது செம்பேனை ஒன்றும் பெரிதாகச் செய்யாது, அதைத் தின்னும் கருவண்டையும் நல்ல பேனையும் சுத்தமாகத் துடைத்துவிடும். அடித்த பத்தாம் நாள் செம்பேன் முன்னைவிட அதிகமாக இருக்கும். உலகத்திலேயே அதிக மருந்துகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட உயிர்களில் செம்பேனும் ஒன்று. தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருந்துகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொரு டப்பா உண்மையிலேயே செம்பேன் மருந்துதான். ஆனால் வெள்ளரிக்கு என்று லேபிளில் இல்லை. லேபிளில் இல்லாத பயிருக்குக் காத்திருப்பு நாள் யாரும் சொல்ல முடியாது. அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது அந்தப் பயிரில், அந்த அளவில் சோதித்துப் பார்த்துப் போடும் கணக்கு.

"கந்தகம் அடிக்கலாமா? அந்தக் காலத்துல அப்பாரு அடிப்பாரே" என்றார். கந்தகம் செம்பேனுக்கு நல்ல மருந்துதான், மற்ற பயிர்களில். வெள்ளரி, பூசணி, பாகல் வகையறாவுக்கு அது ஆகாது, இலை கருகும். அந்த வெயிலில் கேட்கவே வேண்டாம். வேப்பெண்ணெயும் உச்சி வெயிலில் இலையைச் சுட்டுவிடும். பழைய ஆட்கள் கை வைக்கும் டைகோஃபால், டிடிடி-யிலிருந்து செய்வது, 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது, 2023-இல் இந்தியாவிலும் தடை. பழைய பாட்டில் இருந்தால் பரணிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்றேன்.

"அப்ப ஒண்ணுமே அடிக்காதேங்கற."

"தண்ணி அடிங்க பெரியப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுக்கா கண்ணு உன்னை இஞ்சினீரு காலேஜு, கனடான்னு அனுப்பி வெச்சோம்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அந்தச் சிரிப்புக்குள் கூட்டுறவு வங்கிக் கடன் இருந்தது எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் வாளையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பெரிய வாசல். காற்று, யானை, லாரி எல்லாம் அதன் வழியாகத்தான். தை, மாசியில் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கும். செம்பேன் ஒரு நூலை விட்டுக்கொண்டு காற்றில் ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போகும். அதற்கு எந்தச் சாவடியும் கிடையாது. எதிர்த் திசையிலும் இப்படி ஒன்று நடந்தது. 1998-இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் தென்னையில் ஈரியோபைட் பேன் கண்டுபிடிக்கப்பட்டது. கொஞ்ச நாளில் பாலக்காடு, பொள்ளாச்சி, உடுமலை என்று பரவி, தேங்காய் எல்லாம் தழும்பு பிடித்துச் சூம்பிப் போனது. அப்போதும் இதே கேள்விதான். வேர் வழியாக மருந்து கொடுத்தால் அடுத்த 45 நாளுக்குக் காய் பறிக்கக் கூடாது என்றார்கள். கடன்காரன் 45 நாள் காத்திருப்பானா?

பேன் இப்படி இரண்டு பக்கமும் சுங்கமில்லாமல் போய் வர, காய்கறி மட்டும் மாட்டிக்கொள்ளும். 2015-இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் விஷம் என்று கேரளத்தில் பெரிய சர்ச்சை நடந்தது ஞாபகம் இருக்கும். வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் பரிசோதனைக் கூட முடிவுகள் பத்திரிகைகளில் வந்தன. தமிழ்நாடு மறுத்தது. மலையாளிகளின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் வருஷக்கணக்காக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்து, அந்தக் கிராமங்களில் குழந்தைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அவர்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை போடும் வரை அதற்காகப் போராடினார்கள். ஆனால் அந்தச் சர்ச்சையில் எல்லாரும் பேசியது லாரியைப் பற்றி, சாவடியைப் பற்றி, மாநிலத்தைப் பற்றி. அறுப்புக்கு முந்தின வாரத்தில் வயலில் தனியாக நிற்பவனைப் பற்றிப் பேசியவர்கள் கம்மி.

அவன் நிலைமை இதுதான். போட வேண்டிய காசு எல்லாம் போட்டாயிற்று. விதை, எரு, கூலி, கரண்ட், தண்ணீர். இனி அடிக்கப் போகிற ஒரு டப்பா மருந்து அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அடித்தால் பயிர் பிழைக்கலாம். அடிக்காவிட்டால் போகலாம். மிச்சம் இருக்கும் விஷம் அவன் வீட்டுக் கணக்கில் வராது, நூறு மைல் தாண்டி யாரோ ஒருத்தர் வயிற்றில் போகும். யாராக இருந்தாலும் டப்பாவைத் திறக்கத்தான் கை போகும். வெண்டை, கத்தரிக்காரன் பாடு இன்னும் மோசம். ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய காய். அவனுக்கு எல்லா நாளும் அறுப்புக்கு முந்தின நாள்தான். லேபிளில் ஏழு நாள் காத்திரு என்று போட்டிருந்தால் மூன்று பறிப்பை முற்ற விட்டுக் கீழே கொட்ட வேண்டும்.

பெரியப்பா டப்பாவைத் திறக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு மட்டும் இல்லை. பறிப்புக்கு வரும் பெண்கள் எல்லாம் பெரியம்மாவின் கூட்டாளிகள். கையுறை கிடையாது, வெள்ளரியைப் பறித்து மடியில் கட்டி, அதே கையோடு சோறு தின்பவர்கள். "மருந்தடிச்ச காட்டுக்குள்ள நான் யாரையும் கூட்டியாற மாட்டேன்" என்று பெரியம்மா சொல்லிவிட்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ரோட்டோரம் வெளுத்த நாலு வரிசையையும் வேரோடு பிடுங்கி, அங்கேயே உதறாமல், சாக்கில் திணித்துக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். மற்ற கொடிகளில் அடியிலிருந்த பழுத்த இலைகளைக் கிள்ளினார்கள். மண் ரோட்டில் டிப்பர் போகும் புழுதி இலையில் படிவது செம்பேனுக்கு ரொம்ப வசதி. அதனால் காலையும் மாலையும் ரோட்டுக்கே தண்ணீர் விட்டார்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, விடிகாலையில், ஹோஸ் பைப்பைத் தாழ்த்திப் பிடித்து, இலைக்கு அடியில் படுகிற மாதிரி வேகமாகத் தண்ணீர் அடித்தார்கள். மேலே அடித்தால் பிரயோஜனம் இல்லை. பேன் கொஞ்சம் செத்தது, கொஞ்சம் அடித்துப் போனது, மிச்சம் ஈரத்தில் மந்தப்பட்டது. இலை கொட்டிய இடத்தில் காய் வெயிலில் வெந்து வெளுக்காமல் தென்னை ஓலையைப் போட்டு மூடினார்கள். நாலாம் நாளே கருவண்டு ஒன்றிரண்டு தெரிந்ததாகப் பெரியப்பா சொன்னார். கடுகளவு வண்டைப் படம் எடுக்க அவர் பட்ட பாடு தனிக் கதை.

பயிர் பிழைத்தது என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. நாலு வரிசை போயிற்று. மிச்சத்திலும் காய் சிறுத்தது. கணிக்கு வைக்கிற காய் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டும் இல்லையா, வியாபாரி புரட்டிப் புரட்டிப் பார்த்து, பேசிய விலையில் கிலோவுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டுதான் எடுத்தார். "போட்ட காசு வந்துது, கூலி குடுத்தாச்சு. மிச்சம்னு சொல்ல ஒண்ணுமில்ல" என்றார் பெரியப்பா.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். இங்கே புகைக்கிற பூவுக்கு ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை. அந்தச் செலவு விலையிலேயே ஏறிவிடுகிறது, வாங்குகிறவர் கொடுக்கிறார். கடைசி வாரத்தில் மருந்தைத் தொடாத வளர்ப்பாளருக்கு அதற்கான பலன் விற்பனை அனுமதியாகக் கிடைக்கிறது. குழந்தைக்கு ஊட்டுகிற வெள்ளரிக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக மாதிரி எடுப்பதோடு சரி. பெரியப்பாவின் காயில் மருந்து இல்லை என்று சொல்ல ஒரு காகிதம் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு டப்பாவையும் கலந்து அடித்த காய் மினுமினுவென்று இருந்தது, அதற்குத்தான் கூட விலை. பூச்சி கடித்த கத்தரிக்காயைக் கூடையிலிருந்து பொறுக்கித் தள்ளும் நாம் எல்லாரும் சேர்ந்து போட்ட விலை அது.

2025-இல் பெரியப்பா கொஞ்சம் முந்திக்கொண்டார். ரோட்டோரம் வேலியாக நாலு வரிசை மக்காச்சோளம் நெருக்கி விதைத்தார், புழுதிக்கு. மாசியிலிருந்தே வாரம் இருமுறை பெரியம்மா இலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பத்துக் கொடி, கொடிக்கு மூன்று இலை, கையில் பேரன் படிக்கிற பூதக் கண்ணாடி. புள்ளி தெரிந்த இலை அன்றைக்கே சாக்குக்குள். செம்பேனுக்கான நல்ல மருந்து அநேகமாக அதுதான், ஒரு மாசம் முன்னாடி இலையைத் திருப்பிப் பார்ப்பது.

நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். இங்கே குளிர்காலத்தில் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைக்கிறோம். ஜனவரியில் இலை வெளுத்துக் கொட்டுகிறது, "குளிர் தாங்கலை" என்று இன்னும் கொஞ்சம் ஹீட்டர் பக்கம் நகர்த்துகிறோம். குளிர் இல்லைங்க, செம்பேன். இலையைத் திருப்பி ஒரு வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், மிளகாய்த்தூள் மாதிரி விழுந்தது நடக்க ஆரம்பிக்கும். தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, ஷவரை இலைக்கு அடியில் பிடியுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம். ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். கடையில் பூச்செடிக்கு என்று விற்கிற ஸ்பிரேயை மட்டும் அதன் மேல் அடிக்காதீர்கள். தினமும் நாலு இலை கிள்ளித் தாளிக்கிற செடி அது. அதற்கும் எல்லா நாளும் அறுப்பு நாள்தான்.